முதல் கட்டளையின் முகவரி

பசுமலையில் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படித்தபோது, வாரத்தில் மூன்று பிற்பகல்கள் நான் ஒரு மின்னணு வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. நம்புகிறவர்களும் நான் அங்கே தொலைபேசி எடுத்திருப்பேன், கடிதம் தட்டச்சு செய்திருப்பேன் என்று தாமாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். நான் செய்தது வேறு வேலை. புராசஸர் கோர்களை விவரித்து எழுதினேன்.

துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளில் ஒரே வரிதான் இருந்தது: தொழில்நுட்பச் செய்திகளைப் பிழையில்லாத எளிய தமிழில் எழுதத் தெரிந்தவர் தேவை. என் வகுப்பினர் அதைப் பார்த்துவிட்டுக் கடந்து போனார்கள். 'பிழையில்லாத' என்ற சொல் என்னை நிறுத்தியது. அன்று மாலையே அந்த முகவரியைத் தேடிப் போனேன். ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்த அலுவலகம். கீழிருந்து பல்லைக் குடையும் கருவியின் ஓசை படியேறி வந்துகொண்டே இருக்கும். மேலே ஆறு பேர் திரைகளைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த ஆறு பேரில் இருவரைப் பற்றி மட்டும் இங்கே சொன்னால் போதும். ஒருவர் அலுவலகத்தை நடத்தியவர். எல்லோரும் அவரை அண்ணே என்றே அழைத்தார்கள். மற்றவர் மின்சுற்றுகளை வடிவமைத்தவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். உசிலம்பட்டிக்குப் பக்கத்து ஊரில் மானாவாரி விவசாயம் பார்க்கும் குடும்பத்துப் பெண். தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போவார். நான் அவரை அக்கா என்றேன்.

முதல் நாள் அண்ணன் என்னை ஒரு கணினியின் முன் உட்கார வைத்தார்.

"இந்தா பாரும்மா. எடது பக்கம் லிஸ்ட்டு. அதுல உள்ள சாமானை இழுத்து நடுவுல போட்டா பெட்டி மாதிரி வரும். பெட்டிக்கும் பெட்டிக்கும் கோடு போட்டா டூலே சர்க்யூட்டை எழுதிரும். இந்தப் பெட்டிக்குப் பேருதான் கோரு. இதைத் தொட்டா வலது பக்கம் இதப் பத்தி நாலு வரி தமிழ்ல வரணும். படிக்கிற பிள்ளைக்கு விளங்கணும். அம்புட்டுத்தான்."

பொறியியலைத் தமிழ்வழியில் படிக்கும் மாணவர்களுக்காக அந்த மென்பொருளைத் தமிழில் கொண்டுவருவது அவருடைய எண்ணம். கோர் என்றால் என்ன என்று கேட்டேன். சில்லுக்குள் இருந்துகொண்டு, நினைவகத்தில் எழுதி வைத்திருக்கும் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நிறைவேற்றும் பகுதி என்றார். அதைக் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உழைத்து ஒரு பத்தி எழுதினேன். 'கணினியின் இதயமாய்த் துடித்து, அறிவின் ஊற்றாய்ப் பெருகி' என்று அது தொடங்கியது. அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"இதயமா? சரி. எத்தன பிட்டு இதயம்?"

நான் என் குறிப்புத் தாளைப் புரட்டினேன்.

"துடிக்குதுன்னு வேற போட்டிருக்க. ஒரு செகண்டுக்கு எத்தன தடவை?"

"தெரியாது அக்கா."

"அப்ப இத வச்சுக்கிட்டு ஒருத்தன் என்னத்தச் செய்வான், புலவரே?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். புலவர் என்ற பெயர் அன்றே நிலைத்துவிட்டது. எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமானது என்பது சிரிப்பு ஓயும் முன்பே விளங்கிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவர் இந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கிறார். தமக்கு வேண்டிய கோர் இதுதானா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பயன்படாத ஒவ்வொரு சொல்லும் அவருக்கு இடைஞ்சல். அந்தப் பத்தியை முழுவதும் அழித்தேன்.

அடுத்த சில வாரங்கள் அக்காவிடம் கேள்வி கேட்பதிலேயே கழிந்தன. இயல்பில் நான் அதிகம் பேசுகிறவள் அல்லள். வகுப்பில் ஒரு கேள்வி கேட்பதற்கு முன் அதை மனத்துக்குள் மூன்று முறை சொல்லிப் பார்ப்பேன். இங்கே அந்தப் பழக்கம் பயன்பட்டது. ஒரு முறைக்கு எத்தனை பிட்டுகளைக் கையாளும்? கணக்கின் நடுவே எண்களைப் பிடித்து வைக்க எத்தனை பதிவகங்கள் உண்டு? ஒரு கட்டளையை எத்தனை படிகளில் முடிக்கும்? பெருக்கலுக்குத் தனி அலகு இருக்கிறதா, இல்லையென்றால் பெருக்கச் சொன்னால் என்ன ஆகும்? வெளியிலிருந்து குறுக்கீடு வந்தால் செய்துகொண்டிருக்கும் வேலையை எங்கே விட்டுவிட்டுப் போகும்? மின்சாரம் வந்ததும் முதல் கட்டளையை நினைவகத்தின் எந்த முகவரியில் தேடும்? கேட்டதை எழுதினேன், எழுதியதைச் சுருக்கினேன். செயலி என்று எழுதினால் பிள்ளைகள் கைப்பேசியில் இறக்குவதை நினைத்துக்கொள்வார்கள் என்பதால், அவர்கள் வாயில் ஏற்கெனவே இருந்த புராசஸர் என்ற சொல்லையே வைத்துக்கொண்டேன். என் துறைத் தோழிகள் இதற்காக என்னோடு சண்டை போட்டார்கள்.

வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். எந்த வேலைக்குப் போகிறாய் என்று அம்மா கேட்டபோது, கோருக்கு எங்கள் மொழியில் சொல் இல்லாததால், சொன்னதைச் சொன்ன வரிசையில் மறுபேச்சில்லாமல் செய்யும் ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "அப்படியா, அப்படி ஒன்று நம் வீட்டில் கிடையாதே" என்றார் அம்மா, அப்பாவைப் பார்த்துக்கொண்டே.

இந்த எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது ஒன்று உண்டு. ஒவ்வொரு கோருக்கும் இரண்டு விளக்கங்கள் இருந்தன. ஒன்று, வலப்பக்கம் தோன்றும் என்னுடைய தமிழ்ப் பத்தி. அதை மனிதர் படிப்பார். மற்றொன்று, அக்கா எழுதும் விளக்கக் கோப்பு. அதை மென்பொருள் படிக்கும். இந்தக் கோருக்கு இத்தனை கம்பிகள், இந்தக் கம்பி இத்தனை அகலம், முதல் கட்டளை இந்த முகவரியில் என்று அதில் இருப்பதை அப்படியே நம்பி, மென்பொருள் பெட்டியை வரையும், நினைவகத்தை அடுக்கும். மனிதர் ஐயப்படுவார், திருப்பிப் படிப்பார், யாரையாவது கேட்பார். மென்பொருளுக்கு அதெல்லாம் இல்லை. ஐயமே படாத ஒரு வாசகர் இருக்கும்போது எழுதுகிறவர் எவ்வளவு ஐயப்பட வேண்டும் என்பதை நான் அங்கேதான் உணர்ந்தேன்.

பட்டியலில் இருந்த மற்றக் கோர்கள் எல்லாம் பிறர் செய்தவை, பெரும்பாலும் வெளிநாட்டில் செய்தவை. அக்கா இரண்டு ஆண்டுகளாகத் தாமே ஒரு கோரை வடிவமைத்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு பிட், இரண்டே படிகள், வேகம் குறைவு, சில்லில் எடுத்துக்கொள்ளும் இடமும் மிகக் குறைவு. அலுவலகத்தின் மற்ற வேலைகளுக்கு நடுவில், ஒவ்வொரு பகுதியாக அவர் எழுதிச் சேர்த்தது. அது நன்றாக இயங்கியது. அதைச் சோதனைக்காகப் பட்டியலில் போட்டிருந்தோம்; நிலையாக வைத்துக்கொள்வதா என்பதுதான் முடிவாகாமல் இருந்தது.

திருவாதவூர் போகும் சாலையில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரிதான் எங்கள் மென்பொருளை முதலில் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தது. அதன் மின்னணு ஆய்வகத்தின் பொறுப்பாசிரியர் ஒரு பெண்மணி. அக்காவின் கோரை ஆய்வகத்துக்கு எடுத்துக்கொள்வாரா என்று கேட்க அவரை அழைத்த அண்ணன், தொலைபேசியை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார்.

"வெள்ளிக்கிழமை வாங்க. பிள்ளைக கையில போர்டையும் உங்க டூலையும் குடுப்பேன். நீங்க யாரும் வாயத் திறக்கக் கூடாது. உங்க கோரைப் பத்தி அதுல எழுதியிருக்கிறத மட்டும் படிச்சு, அவுங்களா சர்க்யூட்டைப் போட்டு போர்டுல உள்ள லைட்டை மினுக்க வைக்கணும். ஆச்சுன்னா இந்த வருசம் லேப் முழுக்க உங்க கோருதான். ஆகலேன்னா பழைய கோரே இருக்கட்டும். நான் பிள்ளைகள வச்சு சோதன பண்ண முடியாதுல்ல?"

அழைப்பு முடிந்ததும் அண்ணன் அக்காவைப் பார்க்காமலே சொன்னார்: "அவங்க வேணாம்னுட்டா நம்ம லிஸ்ட்டுலருந்தும் எடுத்திர வேண்டியதுதாம்மா. யாரும் பயன்படுத்தாத கோரை வச்சு நம்மால பராமரிக்க முடியாது."

"தெரியும்ணே. அப்புறம் அது என் லேப்டாப்புல ஒரு ஃபோல்டரு. அம்புட்டுத்தான்" என்றார் அக்கா. சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையைக் கழுவ எழுந்து போனார். அது ஏற்கெனவே கழுவியிருந்தது.

அவருடைய இரண்டு ஆண்டு உழைப்பு என்னுடைய ஒரு பத்தியின் வழியாகப் போக வேண்டியிருந்தது. அந்தப் பத்தியை நான் எத்தனை முறை எழுதினேன் என்று எண்ணவில்லை. புதன்கிழமைப் பிற்பகலில் அது முடிந்தது. ஆனாலும் எனக்கு மனம் அடங்கவில்லை. அக்காவிடம் போய், மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். மூன்று என்றால் அவருடைய சுற்று, அவருடைய விளக்கக் கோப்பு, என்னுடைய பத்தி.

"எதுக்கு? மூணும் ஒண்ணுதான."

"எங்க துறையில சுவடியப் பதிப்பிக்கும்போது ஒருத்தர் மூலத்த வாய்விட்டுப் படிப்பாங்க, இன்னொருத்தர் படியப் பாப்பாங்க. அது மாதிரி."

"சுவடி மாதிரியா? ரெண்டு வருசத்துல அம்புட்டுப் பழசாயிருச்சா என் கோரு?" என்றார். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அக்காவின் திரையில் சுற்று இருந்தது, படமாக அன்று, வரிவரியான எழுத்தாக. என் கையில் விளக்கக் கோப்பின் அச்சுப்படி. நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் சுற்றில் இருப்பதைச் சொன்னார். இரண்டும் ஒத்துப்போனால் நான் பென்சிலால் குறியிட்டேன். முகவரிக் கம்பிகள், முப்பத்திரண்டு. தரவுக் கம்பிகள், முப்பத்திரண்டு. குறுக்கீட்டுக் கம்பி, ஒன்று. மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது நான் கேட்டு முடிக்கும் முன்பே விடை வந்துகொண்டிருந்தது. முதல் கட்டளையின் முகவரி, சுழியம். குறியிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அக்காவின் கண்கள் திரையில் இல்லை. சன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டு மாடியில் உலர்ந்துகொண்டிருந்த துணிகளின் மேல் இருந்தன.

"பாத்தியா, ஒண்ணும் இல்ல" என்றார், எல்லாம் முடிந்ததும்.

எனக்கு நிம்மதி வரவில்லை. முந்தைய பருவத்தில் நான் செய்த ஒரு தவறு நினைவுக்கு வந்தது. பதிப்பியல் பயிற்சியில் ஒரு சிற்றிலக்கியச் சுவடியைப் படிக்கும் பொறுப்பு எனக்கு. அந்த நூல் எனக்கு மனப்பாடம். அதனால் சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருந்ததைப் படிக்காமல் என் நினைவில் இருந்ததைப் படித்தேன். எதிரே இருந்த தோழி நம்பி எழுதிக்கொண்டாள். ஓர் அடி முழுவதும் வேறாக இருந்ததை இருவரும் பார்க்கவில்லை. நன்றாகத் தெரிந்தவர் மூலத்தைப் படிக்கக் கூடாது என்பதை அன்று வெட்கத்தோடு தெரிந்துகொண்டேன்.

"அக்கா, மாத்திப் படிப்போம். சர்க்யூட்ட நான் படிக்கிறேன். நீங்க விளக்கக் கோப்பைப் பாருங்க."

"உனக்கு அது படிக்கத் தெரியுமா?"

"தெரியாது. எழுத்து தெரியும்."

அடுத்த மேசையிலிருந்து அண்ணன் சிரித்தார். "விடும்மா, புலவர் படிக்கட்டும். ராகம் போட்டுப் படிக்கப் போறாரு."

அக்கா சிரிக்கவில்லை. "நான் எழுதுனத நானே தப்பாப் படிப்பேனாக்கும்?"

"படிப்பீங்க, அக்கா."

அந்த அலுவலகத்தில் நான் ஒருவரை மறுத்துப் பேசியது அதுவே முதல் முறை. என் குரல் எனக்கே அயலாகக் கேட்டது. அக்கா எழுந்து, தம் நாற்காலியை எனக்குக் கொடுத்து, அச்சுப்படியை வாங்கிக்கொண்டார்.

நான் எழுத்தெழுத்தாகப் படித்தேன். ஆங்கில எழுத்துகள், அடிக்கோடுகள், அடைப்புக் குறிகள், அரைப்புள்ளிகள். எதன் பொருளும் தெரியாததால் எதையும் ஊகிக்க முடியவில்லை. இருப்பதைத் தவிர வேறொன்றைச் சொல்ல எனக்கு வழியே இல்லை.

"ஒண்ணாங் கிளாஸ்ல வாத்தியாருகிட்ட ஒப்பிக்கிற மாதிரியே இருக்கு" என்றார் அக்கா.

"…சமம், இருநூறு" என்றேன்.

"சுழியம்."

"இருநூறு."

"சுழியம்தான். முதல் கட்டளை முகவரி அது. அடுத்ததுக்குப் போ."

"இங்க ரெண்டு, சுழியம், சுழியம்னு இருக்கு, அக்கா."

அக்கா எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். திரையின் மேல் குனிந்தார். அந்த வரியை விரலால் தொட்டார். பிறகு அந்த விரலை எடுக்காமலே இன்னொரு கையால் தம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"நாந்தான் மாத்துனேன்" என்றார். "போன மாசம். நாந்தான்."

நடந்தது இது. கோரில் இருநூற்றுக்குக் கீழுள்ள முகவரிகளைக் குறுக்கீடுகளுக்காக ஒதுக்கிவிடுவது நல்லது என்று ஒரு நாள் அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. சுற்றில் மாற்றினார். சோதனைக்காகத் தம் கணினியில் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த திட்டத்தில் (புராஜெக்ட் என்பார்கள்), கட்டளைகளின் வரிசையான நிரலையும் கையால் இருநூற்றுக்கு நகர்த்தி வைத்தார். விளக்கக் கோப்பை மறந்துவிட்டார். அன்று முதல் எல்லாச் சோதனையும் அந்த ஒரு திட்டத்தில்தான் நடந்தது. அண்ணனுடைய கணினியில் இருந்ததும் அதன் நகல்தான். எங்கள் மாடியில் அந்த விளக்கு ஒவ்வொரு முறையும் தவறாமல் மினுங்கியது. வெள்ளிக்கிழமை மாணவர்கள் தொடங்கப்போவதோ புதிய திட்டம். மென்பொருள் விளக்கக் கோப்பை நம்பி நிரலைச் சுழியத்தில் வைக்கும். கோர் இருநூற்றில் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது.

அக்கா ஒரு புதிய திட்டத்தைத் திறந்தார். பட்டியலிலிருந்து தம் கோரை இழுத்துப் போட்டார், நினைவகத்தை இணைத்தார், போர்டில் ஏற்றினார். போர்டு என்பது, நாம் எழுதும் சுற்றை வாங்கிக்கொண்டு அந்தச் சுற்றாகவே நடக்கும் ஒரு சில்லைப் பதித்த பச்சைப் பலகை. அதன் ஓரத்தில் இருந்த சிறு விளக்கை நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணனும் எழுந்து வந்திருந்தார். விளக்கு எரியவே இல்லை.

விளக்கக் கோப்பில் சுழியத்தை இருநூறாக்கி மறுபடி ஏற்றினார். விளக்கு மினுங்கத் தொடங்கியது.

"ஏ அப்பா" என்றார் அண்ணன். "வெள்ளிக்கிழமை நம்மள அங்கன உக்கார வச்சு அசிங்கப்படுத்தியிருக்கும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணும் புரியாம படிச்சியே, அதான் சரியாப் படிச்சிருக்க" என்றார். அதில் கேலி இருந்தது. கேலி மட்டும் இருக்கவில்லை. நான் மனத்துக்குள் அதைத் திருத்திக்கொண்டேன். சுற்று எனக்குப் புரியவில்லை, உண்மை. ஒரு பிரதியை எப்படி ஒப்பிட வேண்டும் என்பது புரிந்திருந்தது. அது அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாத தொழில். அதை நான் என் துறையில் கற்றிருந்தேன். படியேறி வந்த நாளிலிருந்து, கடன் வாங்கிய அறிவோடு அங்கே உட்கார்ந்திருப்பதாக எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. அன்று பிற்பகலில் அது போய்விட்டது.

என் பத்தியிலும் சுழியம் என்றுதான் எழுதியிருந்தேன். விளக்கக் கோப்பை நம்பியது மென்பொருள் மட்டும் அன்று, நானும்தான். அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதினேன்: 'இந்தக் கோர் முதல் கட்டளையை 200 என்னும் முகவரியில் தேடும். அதற்குக் கீழுள்ள முகவரிகள் குறுக்கீடுகளுக்கு உரியவை. அங்கே நிரலை வைக்கக் கூடாது.'

வெள்ளிக்கிழமை காலையில் மாட்டுத்தாவணியில் மூவரும் பஸ் ஏறினோம். அக்கா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். கல்லூரி வாசலில் இறங்கியதும் பேச்சு நின்றுவிட்டது. பொறுப்பாசிரியர் எங்கள் மூவரையும் ஆய்வகத்தின் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். மாணவர்கள் இருவர் இருவராக உட்கார்ந்தார்கள். எங்களுக்கு நேர் முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி திரையில் விரலை வைத்து என் பத்தியை வாய்விட்டுப் படித்தாள். நான் எழுதிய வாக்கியங்களை அறிமுகமில்லாத குரலில் கேட்பது அதுவே முதல் முறை.

"ஏ, பெருக்கல் அலகு வேணுமா வேணாமான்னு கேக்குதுடி."

"வேணும்னு போடு. கிடக்கட்டும்."

"லூசு, லைட்டு மினுக்கிறதுக்கு எதுக்குடி பெருக்கலு? இங்க போட்டிருக்கான் பாரு, சேத்தா இடம் கூடுதலா எடுக்குமாம். சேக்காட்டியும் பெருக்குமாம், மெதுவா."

"அப்ப வேணாம். அடுத்து?"

"முதல் கட்டளை இருநூறுல இருக்கணுமாம்."

"டூலே இருநூறுன்னுதான் போட்டிருக்கு. பாரு."

"ஆமா. எழுதுனவன் தெளிவாத்தான் எழுதியிருக்கான்."

அக்கா முழங்கையால் என்னை இடித்தார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரத்தில் அந்தப் பெண்களின் போர்டில் விளக்கு மினுங்கியது. இரண்டு பேரும் பெஞ்சைத் தட்டினார்கள். பிறகு சன்னலோரம் ஒன்று, நடு வரிசையில் ஒன்று என மினுங்கிக்கொண்டே வந்தன. அக்கா அவற்றை உதட்டசைவில் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு போர்டு மட்டும் மினுங்கவில்லை. அந்தப் பையன்கள் இருவரும் கம்பியைக் கழற்றி மாட்டினார்கள், திட்டிக்கொண்டே மறுபடி ஏற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அக்காவின் கை பெஞ்சின் விளிம்பைப் பற்றியிருந்தது. பொறுப்பாசிரியர் அவர்கள் பின்னால் போய் நின்றார். "எல்லாத்தையும் படிச்சீங்களாடா?" என்று மட்டும் கேட்டார். ஒருவன் பத்தியைக் கீழே நகர்த்தினான். குறைந்தது எவ்வளவு நினைவகம் வேண்டும் என்ற வாக்கியத்தை நான் கடைசியில் வைத்திருந்தேன். அவர்கள் அதுவரை போகவே இல்லை. நினைவகத்தைக் கூட்டினார்கள். விளக்கு மினுங்கியது. என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: நினைவக வாக்கியம், மேலே.

பொறுப்பாசிரியர் எங்களிடம் வந்தார். "இனிமே நீங்க வாயத் திறக்கலாம்" என்றார். "உங்க கோரையே வச்சுக்கிறேன். இந்த வருசம் பூரா இதுதான்." பிறகு, "தமிழ் யாரு எழுதுனது?" என்று கேட்டார்.

அண்ணன் என்னைக் காட்டினார். முன் பெஞ்சுப் பெண் திரும்பிப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"லிஸ்ட்டுல உள்ள மத்ததுக்கும் நீங்களே எழுதுங்கம்மா" என்றார் பொறுப்பாசிரியர்.

"எழுதுறேன், மேடம்" என்றேன்.

திரும்பும்போது, சாலையோரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். இரண்டு பக்கமும் வயல். அக்கா தம் அப்பாவை அழைத்தார். பஸ் இரைச்சலில் காது கேட்காத பழக்கத்தால் அக்கா கைப்பேசியில் எப்போதும் ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் பேசுவார்.

"அப்பா, எடுத்துக்கிட்டாக."

"எத? காளையவா? நான் இன்னும் சந்தையிலதான நிக்கிறேன்."

"காளை இல்லப்பா. என் கோரு. ரெண்டு வருசமாச் செஞ்சேன்ல? அத காலேஜுல எடுத்துக்கிட்டாக."

"அதுவா? சரி சரி, நல்லது. அது எம்புட்டுப் பெருசு இருக்கும்?"

"விரல் நகத்துல ஒரு ஓரம் இருக்காதுப்பா."

"அதுக்கா ரெண்டு வருசம்?"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "இந்தா, புலவரே. நீதான எழுதுறவ, நீயே சொல்லு."

நான் வாங்கிக்கொண்டேன். அந்தப் பக்கம் மாடுகளின் கழுத்துமணிச் சத்தமும் விலை பேசும் கூச்சலும் கேட்டன. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று முறை மனத்துக்குள் சொல்லிப் பார்க்க நேரம் இல்லை.

"அப்பா, ஒரு மிசினு என்ன செய்யணும்னு நாம வரிசையா எழுதி வைப்போம். அத ஒண்ணொண்ணாப் படிச்சு, ஒண்ணக்கூட விடாம, ஒண்ணக்கூட மாத்தாமச் செய்றதுதான் இது. மோட்டார் போட, நிறுத்த, லைட்டு எரிய, எதுக்கும் வச்சுக்கலாம். இத வெளிநாட்டுலருந்துதான் வாங்கிட்டு இருந்தாங்க. இனிமே இங்க படிக்கிற பிள்ளைக எல்லாம் அக்கா செஞ்சதுல படிப்பாங்க."

அவர் பக்கத்தில் யாரையோ சத்தம் போடாதே என்று அதட்டிவிட்டுக் கேட்டார்.

"எம் மக செஞ்சதுலயா?"

"ஆமாப்பா."

"அப்படிச் சொல்லு" என்றார் அவர். பிறகு கைப்பேசியை விலக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற யாரிடமோ, நான் சொன்ன அதே வாக்கியங்களை, அதே வரிசையில், உரத்த குரலில் சொல்லத் தொடங்கினார். ஒன்றையும் விடவில்லை. கடைசி வாக்கியத்தை மட்டும் இரண்டு முறை சொன்னார்.